கராஜில் கார் இல்லை: கிறிஸ்துமஸ் பொம்மைகள் வீட்டை நிறைத்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது. பெரிய சண்டை இல்ல. அக்கா தம்பி சண்டை.

போன சனிக்கிழமை காலைல எங்க அக்கா கூப்பிட்டா. அவ லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கா, அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி. "டேய், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"ன்னு ஆரம்பிச்சா. இப்படி ஆரம்பிச்சாலே கோச்சுக்கிற மாதிரி ஏதோ வரப்போகுதுன்னு அர்த்தம். "இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாப்பாவுக்கு எதுவும் அனுப்பாத. ப்ளீஸ்."

சொல்லிட்டு கேமராவைத் திருப்பினா. ஹால் முழுக்க பொம்மை. குட்டி கிச்சன் செட், காந்தத்துல ஒட்டுற பிளாஸ்டிக் கட்டைகள், ஒரு காது இல்லாத யானை, கட்டை விரலை விடச் சின்னதா நூறு சாமான். அப்படியே நடந்து போய் கராஜ் கதவைத் திறந்தா. அங்கேயும் பெட்டி பெட்டியா பொம்மை. கார் ரெண்டு வருஷமா வெளியிலதான் நிக்குது. "உங்க அத்தான் தினமும் கண்ணாடியைத் துடைச்சிட்டு ஆபீஸ் போறார்"னா.

நாங்க கிறிஸ்தவங்க இல்ல. ஆனா அங்க லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கும்போது "சாண்டா உனக்கு என்ன கொடுத்தார்?"னு பக்கத்து சீட்டுக் குழந்தை கேட்கும். அதனால வருஷா வருஷம் அங்கத்திய ஆன்லைன் கடையில ஆர்டர் போட்டு அவ வீட்டுக்கு அனுப்பிடுவேன். இந்த வருஷமும் கார்ட்ல ஒரு பெரிய பொம்மை வீடு உட்கார்ந்திருந்தது. பட்டனை அமுக்குறது மட்டும்தான் பாக்கி.

எனக்குக் கோபம் வந்துச்சு, ஒத்துக்கிறேன். நான் தாய்மாமன். காது குத்தும்போது மடியில உட்கார வைக்கிற உரிமை எனக்குத்தான். அந்தக் காதுகுத்தையே நான் சென்னையில உட்கார்ந்து வீடியோ கால்லதான் பார்த்தேன். 14,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழந்தைக்கு நான் செய்யக்கூடியது அந்த ஒரு பார்சல். அதையும் வேண்டாம்னா? "சரி, இனிமே எதுவும் அனுப்பல"ன்னு சொல்லி வெச்சுட்டேன். சொன்ன விதம் சரியில்ல.

ஆபீஸ்ல சர்வர் விழுந்தா, முதல்ல எழுப்பி விடுவோம், அப்புறம் ஏன் விழுந்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதுவோம். அந்தப் பழக்க தோஷம். அந்த வாரம் முழுக்க அக்கா வீட்டு கராஜுக்கு ரிப்போர்ட் எழுதிக்கிட்டிருந்தேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல எனக்குக் கிடைச்சது ஒரு ஆராய்ச்சி. அதுவும் லாஸ் ஏஞ்சலஸ்லயே நடந்தது. ஜீன் ஆர்னால்டுன்னு ஒரு தொல்லியல் பேராசிரியர். கலிபோர்னியா கடற்கரைக்கு எதிரே இருக்கிற சானல் தீவுகள்ல சூமாஷ் பழங்குடி மக்கள் விட்டுப்போன சிப்பி, எலும்பு, பாசிமணி எல்லாம் தோண்டி ஆராய்ந்தவங்க. அதே கண்ணோட இன்றைய வீட்டைப் பார்த்தா என்னன்னு யோசிச்சாங்க. யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் குழு ஒண்ணு 2001ல இருந்து 2005 வரைக்கும் 32 நடுத்தரக் குடும்பங்களோட வீட்டுக்குள்ள போய், கண்ணுக்குத் தெரியுற பொருளையெல்லாம் படம் எடுத்து எண்ணினாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுகள். கீழடியில குழி போட்டு ஒவ்வொரு ஓட்டையும் எண்ணுறாங்களே, அந்த மாதிரி. வித்தியாசம், இங்க ஆட்கள் உள்ளேயே குடியிருக்காங்க.

2012ல புத்தகமா வந்தது. முதல் வீட்டுல மூணே அறையில 2,260 பொருள் எண்ணியிருக்காங்க. அலமாரிக்குள்ள இருந்ததைச் சேர்க்காம. ஒவ்வொரு புதுக் குழந்தை பிறந்ததும், அது ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே, வீட்டுச் சாமான் 30 சதவீதம் கூடுதாம். உலகத்துக் குழந்தைகள்ல 3.1 சதவீதம்தான் அமெரிக்காவுல, ஆனா உலகத்துல விக்கிற பொம்மையில 40 சதவீதத்துக்கு மேல அங்கதான் போகுது. கராஜ்? நாலுல மூணு வீட்டு கராஜுக்குள்ள கார் நுழையவே முடியல. அக்காவுக்கு இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரல.

அதே குழு இன்னொண்ணும் பண்ணினாங்க. வீட்டைப் பற்றி அவங்களையே பேசச் சொல்லி, மன அழுத்த ஹார்மோன் கார்டிசாலை எச்சில்ல அளந்தாங்க. "ஒரே அலங்கோலமா இருக்கு, வேலை முடியவே மாட்டேங்குது"ன்னு வீட்டைப் பற்றிச் சொன்ன பெண்களுக்கு, சாயங்காலம் இறங்க வேண்டிய கார்டிசால் சரியா இறங்கல. புருஷன்மார்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவா தெரியல. என் கோபம் பாதி குறைஞ்சது இந்த இடத்துலதான். பார்சல் அனுப்பினது நான். அதைப் பொறுக்கி வைக்கிறது அவ.

சரி, இது எப்போ ஆரம்பிச்சது?

கிறிஸ்துமஸ்னாலே குழந்தைங்களுக்குப் பரிசுன்னு நாம நினைக்கிறோம். அது பழைய வழக்கம் இல்ல. மாசசூசெட்ஸ்ல குடியேறின பியூரிட்டன்கள் 1659ல கிறிஸ்துமஸ் கொண்டாடுறதையே தடை பண்ணினாங்க. கொண்டாடினா 5 ஷில்லிங் அபராதம். 1681 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. காரணம், அன்னைக்கு கிறிஸ்துமஸ்னா குடி, கும்மாளம், தெருக்கூத்து. அறுவடை முடிஞ்சு வேலை இல்லாத குளிர்காலம். ஏழைகள் கூட்டமா பணக்காரர் வீட்டு வாசல்ல வந்து பாடி, சாப்பாடும் சாராயமும் கேட்பாங்க. கொடுக்கலைன்னா கலாட்டா. வரலாற்று ஆசிரியர் ஸ்டீபன் நிஸன்பாம் இதைப் பற்றி 1996ல ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கார்.

அவர் வாதம் இதுதான். 1800களின் தொடக்கத்துல நியூயார்க் வேகமா வளருது. தெருவுல வர்ற கும்பலைப் பார்த்துப் பணக்காரக் குடும்பங்களுக்குப் பயம். பண்டிகையைத் தெருவுல இருந்து தூக்கி வீட்டு ஹாலுக்குள்ள கொண்டு போகணும். 1823ல ட்ராய் நகரத்துப் பத்திரிகை ஒண்ணுல, பெயர் போடாம, செயின்ட் நிக்கோலஸ் வீட்டுக்கு வர்றது பற்றி ஒரு கவிதை வந்தது. கலைமான் வண்டி, புகைபோக்கி, மூட்டை நிறைய பொம்மை, எல்லாம் அதுல இருக்கு. வழக்கமா கிளெமென்ட் கிளார்க் மூர் எழுதினதுன்னு சொல்வாங்க. அதுல கவனிங்க, வாசல் கதவை யாரும் தட்டல. வர்றவர் கேட்க வரல, கொடுக்க வர்றார். வாங்கிக்கிறது ஏழை இல்ல, வீட்டுக் குழந்தை. தெருவுக்குப் போக வேண்டிய தானம் வீட்டுக்குள்ளயே சுத்த ஆரம்பிச்சிருச்சு.

அந்தப் பொம்மைகள் எங்கிருந்து வந்தது? ஜெர்மனி. நியூரெம்பர்க், சோனெபெர்க் பக்கம் குடும்பம் குடும்பமா வீட்டுல உட்கார்ந்து செஞ்ச மரப் பொம்மை, தகரப் பொம்மை, பீங்கான் முக பொம்மை. முதல் உலகப் போர் வந்து கப்பல் நின்னதும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அடிச்சது லாட்டரி. 1916ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. முதல் தலைவர் ஏ.சி. கில்பர்ட். இந்த மனுஷனுக்கே தனி எபிசோட் போடலாம். யேல்ல மருத்துவம் படிச்சவர், 1908 ஒலிம்பிக்ஸ்ல கம்பு ஊன்றித் தாண்டுறதுல தங்கம், கொஞ்ச காலம் மேஜிக் சாமான் வியாபாரம், 1913ல 'எரெக்டர் செட்'. சின்னச் சின்ன இரும்புப் பட்டை, நட்டு, போல்ட்டு. என்ஜினீயரிங் படிச்ச எங்க டிபார்ட்மென்ட்ல பாதிப் பேருக்கு அது கிடைச்சிருந்தா, ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கடையில காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டாங்க. நானும் அந்தப் பாதியிலதான் இருக்கேன், விடுங்க.

1918ல அரசாங்கத்தோட தேசியப் பாதுகாப்புக் குழு ஒரு யோசனை வெச்சது. போர் நேரம், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கல் விற்கலை நிறுத்தலாமா? கில்பர்ட் வாஷிங்டன் போனார். கையில ஒரு மூட்டை பொம்மை. பசங்க விளையாட்டுலதான் நாளைய என்ஜினீயரும் சிப்பாயும் உருவாகிறாங்கன்னு பேசிட்டு, பொம்மைகளை மேஜையில கொட்டினார். மந்திரிகள் தரையில உட்கார்ந்து விளையாட ஆரம்பிச்சாங்கன்னு கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனா தடை வரல. பத்திரிகைகள் அவரைக் கிறிஸ்துமஸைக் காப்பாற்றியவர்னு எழுதின. அக்கா கராஜ் ரிப்போர்ட்ல இவருக்கு ஒரு தனிப் பத்தி உண்டு.

போர் முடிஞ்சதும் ஜெர்மன் பொம்மை திரும்ப வருமே? 1922ல புது வரிச் சட்டம். பெரும்பாலான பொம்மைகளுக்கு 70 சதவீத இறக்குமதி வரி. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊர்ல சீனப் பொம்மைக்கு எதிரா 2020 பட்ஜெட்ல வரியை 20ல இருந்து 60 ஆக்கினாங்க. 2023ல அது 70. நூறு வருஷம் கழிச்சு, அதே எண்.

அடுத்து பிளாஸ்டிக். இதைச் சீக்கிரம் தாண்டிடறேன், ஏன்னா இதுல ஆச்சரியம் இல்ல. ஒரு அச்சு செய்யத்தான் செலவு. செஞ்சுட்டா ஆயிரமாவது பொம்மைக்கும் லட்சமாவது பொம்மைக்கும் ஏறக்குறைய ஒரே அடக்க விலை. டென்மார்க்ல மரப் பொம்மை செஞ்சுக்கிட்டிருந்த தச்சர் குடும்பம் 1958ல லெகோ கட்டைக்குக் காப்புரிமை வாங்குது. 1960ல மரச் சாமான் கிடங்கு தீப்பிடிக்க, மரத்தையே கைவிட்டுட்டாங்க. 1958 கட்டை இன்னைக்கு வாங்குற கட்டையோட பொருந்தும். மூணு வருஷம் பழைய எங்க கோடே புது வெர்ஷன்ல ஓடாது, அதனால எனக்கு லெகோ மேல பொறாமை உண்டு. ஆனா எதுவும் பழசாகாதுன்னா என்ன அர்த்தம்? எதையும் தூக்கிப் போட முடியாது. அக்கா வீட்டுல அத்தானோட சிநேகிதர் ஒருத்தர் கொடுத்த லெகோவே ரெண்டு பெட்டி இருக்கு.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள், அதே சமயம் பயமா இருக்கிற ஆளும், சார்லஸ் லாசரஸ். ரெண்டாம் உலகப் போர்ல சங்கேத எழுத்துப் பிரிவுல வேலை. திரும்பி வந்ததும், கூட இருந்த சிப்பாய்ங்க எல்லாரும் "ஊருக்குப் போய் கல்யாணம், குழந்தை"ன்னு சொல்றதைக் கேட்டார். 1948ல வாஷிங்டன்ல அப்பாவோட சைக்கிள் கடையில தொட்டில், குழந்தைக் கட்டில் விக்க ஆரம்பிச்சார். கணக்கு சரிதான், குழந்தைகள் கூட்டம் கூட்டமாப் பிறந்தாங்க. ஆனா ஒரு சிக்கல். ரெண்டாவது குழந்தைக்கு யாரும் ரெண்டாவது தொட்டில் வாங்கல. பழசையே வெச்சுக்கிட்டாங்க. அதே அம்மா வந்து, "போன வாரம் வாங்கின பொம்மை உடைஞ்சிருச்சு, இன்னொண்ணு கொடுங்க"ன்னு கேட்டாங்க.

அங்கதான் அவருக்கு உரைச்சது. தொட்டில் ஒரு தடவை. பொம்மை திரும்பத் திரும்ப. 1957ல 'டாய்ஸ் ஆர் அஸ்' ஆரம்பிச்சார். சூப்பர் மார்க்கெட் மாதிரி தள்ளுவண்டி, கூரை வரைக்கும் அலமாரி. அதுவரைக்கும் கடைகள் பொம்மையை கிறிஸ்துமஸுக்கு மட்டும் நிறைய அடுக்கிட்டு, மத்த மாசங்கள்ல ஓரமா ஒதுக்கிடும். இவர் 12 மாசமும் வெச்சார். இன்னைக்கு நாங்க சாஃப்ட்வேரை விக்காம மாசச் சந்தாவா வாங்க வைக்கிறோமே, அந்த யோசனை அவருக்கு அப்பவே இருந்திருக்கு. 2018 மார்ச்ல கம்பெனி அமெரிக்கக் கடைகளை எல்லாம் மூடப்போறதா அறிவிச்சது. ஒரு வாரத்துல லாசரஸ் இறந்துட்டார், வயசு 94.

கடை ரெடி. குழந்தைக்கு எது வேணும்னு யார் சொல்றது? டிவி. 1952ல மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட், டிவியில விளம்பரம் வந்த முதல் பொம்மை. முதல்ல அதுல கண்ணு, மூக்கு, காதுதான் கொடுப்பாங்க, உருளைக்கிழங்கை நீங்கதான் சமையல்கட்டுல இருந்து எடுத்துக்கணும். அடுத்தது லாஸ் ஏஞ்சலஸ்க்கு மறுபடி வர்றோம். அங்க மேட்டல்னு ஒரு சின்னக் கம்பெனி. பின்னாடி பார்பி செஞ்சவங்க. 1955ல 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சியில வருஷம் முழுக்க விளம்பரம் போட 5 லட்சம் டாலர் கட்டினாங்க. கம்பெனி மொத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான் பெறும். கிறிஸ்துமஸுக்குள்ள அந்த விளம்பரத்துல வந்த பொம்மைத் துப்பாக்கி கடைகள்ல காலி. அதுவரைக்கும் விளம்பரம் அப்பா அம்மாகிட்ட பேசும். அதுக்கப்புறம் குழந்தைகிட்ட நேரா பேச ஆரம்பிச்சது.

1977 கிறிஸ்துமஸ் கதையைச் சொல்லாம போக முடியாது. ஸ்டார் வார்ஸ் மே மாசம் ரிலீஸ். இவ்வளவு ஓடும்னு யாரும் எதிர்பார்க்கல. கென்னர் கம்பெனியால டிசம்பருக்குள்ள பொம்மை செய்ய முடியல. என்ன பண்ணினாங்க? காலி அட்டைப் பெட்டியை வித்தாங்க. நிஜமா. உள்ளே ஒரு சான்றிதழ். அதை நிரப்பித் தபால்ல அனுப்பினா, அடுத்த வருஷம் நாலு பொம்மை வரும். மரத்தடியில காலிப் பெட்டியைப் பிரிச்ச குழந்தைகள் இன்னைக்குத் தாத்தா பாட்டி ஆகியிருப்பாங்க. இதைப் பார்த்து நான் சிரிக்கல. சாமான் இல்லாமலே 'வாங்கினோம்'ங்கிற அந்த நிமிஷத்தை மட்டும் தனியா விக்க முடியும்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

சட்டம்னு ஒண்ணு இருந்துச்சா? இருந்துச்சு. 1969ல ஹாட் வீல்ஸ் கார்களை வெச்சு ஒரு கார்ட்டூன் வந்தப்போ, இது நிகழ்ச்சி இல்ல, அரை மணி நேர விளம்பரம்னு புகார் போச்சு. தகவல் தொடர்பு ஆணையம் அதை ஏத்துக்கிட்டது. அந்தத் தடுப்பு பதினைஞ்சு வருஷம் ஓரளவு நின்னுச்சு. ரீகன் காலத்துல, 1984ல, குழந்தைகள் நிகழ்ச்சியில எவ்வளவு விளம்பரம்ங்கிற வரம்பை அதே ஆணையம் எடுத்துவிட்டது. ஹீ-மேன் 1983லயே வந்தாச்சு, 1984ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அப்புறம் வரிசையா. முதல்ல பொம்மையை டிசைன் பண்ணி, அதுக்கப்புறம் கதை எழுதுறது. 1990ல நாடாளுமன்றம் விளம்பர நேரத்துக்குத் திரும்ப வரம்பு போட்டது. அதுக்குள்ள எல்லா வீட்டுலயும் ஒரு கோட்டை, ரெண்டு வாள்.

எங்க தலைமுறைக்கு இது பேபிளேட். 1999ல ஜப்பான்ல பொம்மை, 2001ல கார்ட்டூன். கும்பகோணத்துல நாங்க அதை விளம்பரம்னு நினைச்சதே இல்ல. அது சீரியல். ஒரிஜினல் வாங்கித் தரச் சொல்லி நான் அழுததும், அப்பா கடைத்தெருவுல டூப்ளிகேட் வாங்கிக் கொடுத்ததும், அது ரெண்டாம் நாள் உடைஞ்சதும் அக்காவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுல பொம்மை குறைவா இருந்ததுக்கு மினிமலிசம் காரணம் இல்ல மக்களே. காசு இல்ல, அவ்வளவுதான். அதனால "அந்தக் காலத்துல நாங்க ஒரு நுங்கு வண்டியோட சந்தோஷமா இருந்தோம்"னு எழுதுற ஃபார்வர்டுகள் மேல எனக்கு நம்பிக்கை கிடையாது.

ரெண்டாம் நாள் அக்காவுக்கு நானே கூப்பிட்டேன். மன்னிப்பு நேராக் கேட்கத் தெரியாது, அதனால இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பாதியில நிறுத்தி, "எல்லாம் சரிடா, இப்போ இதை என்ன பண்ண?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி.

அவ எல்லாம் முயற்சி பண்ணிப் பார்த்துட்டா. தானம் கொடுக்கப் போனா, கிறிஸ்துமஸ் நேரத்துல ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை சேர்க்கிற பெரிய அமைப்பு 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்'. அதுவும் 1947ல இதே லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்சது. ஒரு அம்மா கையால செஞ்ச பொம்மையை யாராவது ஏழைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்னு பார்த்தா, வாங்கிக்க ஒரு அமைப்பே இல்ல. அவங்க கணவர் கடற்படைப் பிரிவு அதிகாரி, அப்போ நாமளே ஆரம்பிப்போம்னு சக வீரர்களோட 5,000 பொம்மை சேர்த்தார். இன்னைக்கு அவங்க புதுப் பொம்மை மட்டும்தான் வாங்குவாங்க, பிரிக்காதது. அதுவும் புரியுது. ஏழைக் குழந்தைன்னா ஒரு காது இல்லாத யானைதான் கிடைக்கணுமா? ஆனா அந்த யானை எங்க போகும்? கராஜுக்கு.

ஓஹாயோவுல டொலிடோ பல்கலைக்கழகத்துல 36 சின்னக் குழந்தைகளை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க, 2018ல வெளிவந்தது. ஒரு தடவை 4 பொம்மை, ஒரு தடவை 16. நாலு இருந்தப்போ ஒவ்வொண்ணோடயும் அதிக நேரம், அதிக விதமா விளையாடினாங்க. சின்னச் சோதனைதான், இதை வெச்சு ஊரையே மாத்த முடியாது. பாதியை மூட்டை கட்டி மறைச்சு வெச்சு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக் கொடுங்கன்னு சொல்றவங்க இதைத்தான் காட்டுறாங்க. அக்கா சிரிச்சா. "மறைச்சு வெக்கவும் கராஜ்தானேடா?"

அப்போதான் நான் கடைசியா வெச்சிருந்த கதையைச் சொன்னேன். 1935, லாஸ் ஏஞ்சலஸ், பொருளாதார வீழ்ச்சி காலம். ஒரு ஸ்கூல் பக்கத்துல இருந்த அஞ்சு பத்து காசு கடையில பசங்க சாமான் திருடுறாங்கன்னு மேனேஜர் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றார். விசாரிச்சா, பொம்மை செய்யத் திருடியிருக்காங்க. வாங்கக் காசு இல்ல. போலீஸ், அடின்னு போகாம, அந்த ஊர்ல ஒரு வேலை பண்ணினாங்க. லைப்ரரியில புத்தகம் மாதிரி பொம்மையை இரவல் கொடுக்கிறது. 'டாய் லோன்'. உலகத்தோட முதல் பொம்மை நூலகம்னு இதைத்தான் சொல்றாங்க. இன்னைக்கும் கவுண்டி நிர்வாகம் நடத்துது. குழந்தை வந்து எடுத்துக்கிட்டுப் போகும், ஒரு வாரம் விளையாடும், திருப்பிக் கொடுக்கும்.

முதல்ல அதை எங்க ஆரம்பிச்சாங்க தெரியுமா? ஒரு கராஜுல.

அக்கா ரெண்டு நிமிஷம் பேசல. டைப் பண்ற சத்தம் கேட்டுச்சு. "இங்கேயே பார்க்ல ஒண்ணு இருக்கு போலடா. நாலு வருஷமா அதைத் தாண்டித்தான் நடக்கிறேன்"னா. பழைய பொம்மை வாங்கிப்பாங்களான்னு திங்கட்கிழமை கேட்கிறேன்னா. கேட்டாளா, என்ன சொன்னாங்கன்னு இதை ரெக்கார்ட் பண்ற வரைக்கும் தெரியாது.

பேசிக்கிட்டிருக்கும்போதே பாப்பா வந்துட்டா. அஞ்சு வயசு. நான் சும்மா ஒரு டெஸ்ட் வெச்சேன், வெச்சிருக்கக் கூடாது. "மாமா அனுப்பின பொம்மையைக் காட்டு"ன்னேன். சுத்திப் பார்த்தா. கிச்சன் செட்டைத் தொட்டா, அது அவங்க பாட்டி கொடுத்தது. கட்டையைத் தூக்கினா, அது பக்கத்து வீடு. மூணு வருஷத்துல நான் அனுப்பினது அஞ்சு. அதுல ஒண்ணுகூட என்னோடதுன்னு அவளுக்குத் தெரியல. அவ தப்பு இல்ல. பிரிக்கும்போது நான் அங்க இல்ல.

அப்புறம் அவளே கேட்டா. "மாமா, செட்டியார் தாத்தா இன்னும் தூங்குறாரா?"

எனக்குப் புரியல. அக்காதான் சொன்னா. அம்மா இந்த நவராத்திரிக்கு அங்கதான் இருந்தாங்க. எங்க வீட்டுக் கொலுவுல இருந்து செட்டியாரையும் செட்டிச்சியையும், முன்னாடி வைக்கிற குட்டி மளிகைக் கடையோட, அப்பாவோட பழைய வேட்டியில சுத்தி ஹேண்ட் லக்கேஜ்ல கொண்டு போயிருந்தாங்க. மண் பொம்மை, செக்யூரிட்டியில மூணு தடவை ஸ்கேன் பண்ணினாங்களாம். விஜயதசமி ராத்திரி வழக்கப்படி செட்டியாரைப் படுக்க வெச்சு, மறுநாள் வேட்டியில சுத்தி அலமாரி மேல் தட்டுல ஏத்திட்டாங்க. அதிலிருந்து பாப்பா வாரம் ஒரு தடவை கேட்கிறாளாம்.

இதை வெச்சுக் கொலு பெருமை பேச மாட்டேன். சின்ன வயசுல கொலுப் படிக்குப் பக்கத்துல போனாலே "தொடாதே"ன்னு அம்மா குரல் வரும். அது எங்க பொம்மை இல்ல, அம்மாவோட பொம்மை. வருஷம் ஒண்ணாவது புதுசு வாங்கணும்ங்கிறது வழக்கம். கும்பகோணம் வீட்டுப் பரண்ல மூணு டிரங்குப் பெட்டி நிறைஞ்சு கிடக்கு. சேர்க்கிறதுல நம்ம வீடும் குறைஞ்சதில்ல. ஆனா அது 355 நாள் பெட்டிக்குள்ள இருக்கும். பெட்டியைத் திறக்கிற அன்னைக்குப் பழைய வேட்டியைப் பிரிச்சுப் பிரிச்சு, "அய், இவரு"ன்னு நானும் அக்காவும் கத்துவோம். கடையில புதுசு வாங்கின அன்னைக்கு அப்படிக் கத்தினதா ஞாபகம் இல்ல.

பொம்மை வீட்டை கார்ட்ல இருந்து எடுத்துட்டேன். அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ தாய்மாமன் ஒண்ணுமே செய்யலைன்னு ஆகிடாதா?"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு அது பெரிய விஷயம். அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டு அடுத்த நவராத்திரிக்கு டிக்கெட் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கேன். லீவு கிடைக்கணும், விசா கிடைக்கணும், ரெண்டும் என் கையில இல்ல. அதனால பாப்பாகிட்ட இதைச் சொல்லல. செட்டியார் எப்போ எழுந்திருப்பார்ங்கிறதுக்கு மட்டும் காலண்டரைப் பார்த்து எத்தனை நாள்னு சொன்னேன்.

"அது ரொம்ப ஜாஸ்தி மாமா"ன்னா.

"ஆமா குட்டி, ஜாஸ்திதான்"னேன்.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. உங்க வீட்டுப் பரண்ல இன்னும் தூக்கிப் போடாம வெச்சிருக்கிற ஒரு பொம்மை இருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. டூப்ளிகேட் பேபிளேட் இருந்தா அவசியம் அனுப்புங்க.